செவ்வாய்ப்பேட்டையில் விட்டு வந்த வண்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கிக்கொண்டு நான் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்த அன்று, என் மனைவி கேட்ட முதல் கேள்வி "வண்டி எங்கீங்க?" என்பதுதான்.

என்ன கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கையில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் துவரம்பருப்பும் மல்லியும், இன்னொன்றில் வெல்லம். மல்லசமுத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்திருந்தேன். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. எந்த வண்டி என்று கேட்க வாயெடுத்தேன். அவள் பார்வை வாசலில் மொபெட் நிறுத்துகிற இடத்தில் இருந்தது. அங்கே எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

காலையில் நான் மொபெட்டில்தான் போயிருக்கிறேன்.

"பட்டறையில உட்டிருக்கேன். பிரேக் புடிக்கல. நாளைக்குப் போய் எடுத்துக்கறேன்," என்றேன்.

"அட்டையாம்பட்டியிலீங்களா?"

"ஆமா."

பொய் எனக்குப் புதிதல்ல. ஆறாவதோடு பள்ளியை விட்டு, தறியில் கொஞ்ச காலம், செங்கல் சூளையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இருபது வயதில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் லாரியில் ஏறியவன் நான். நாற்பது வருஷம் ஆந்திரா, மகாராஷ்டிரா, சத்தீஸ்கர், ஒடிசா என்று சுற்றினேன். வருஷத்துக்கு இரண்டு தடவை வீடு. மற்ற நாளெல்லாம் போனில் "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்" என்று சொன்னதில் பாதி பொய்தான். அதையெல்லாம் தடுமாறாமல் சொல்லியிருக்கிறேன். அன்று பையைக் கீழே வைக்கும்போது வெல்லம் உருண்டு வெளியே வந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சேலம் போனேன். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் சுமை ஆட்டோக்களுக்கு நடுவே ஒவ்வொரு கடை வாசலாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நான் வழக்கமாக மளிகை வாங்கும் கடை வாசலில் வண்டி இல்லை. இரண்டு சந்து தள்ளி ஒரு கோணிப்பைக் கடைக்குள் நின்றது.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "இது உங்க வண்டியா பெரியவரே? எனக்கு எழுதி வெச்சுட்டுப் போயிட்டீங்களோன்னு நெனச்சேன். சாவியும் அதுலயே தொங்குச்சு. சாயங்காலம் நான்தான் தள்ளி உள்ள வெச்சேன்."

நானும் சிரித்தேன். "அவசரத்துல மறந்துட்டேனுங்க."

"அவசரத்துல செருப்ப மறப்பாங்க, கொடைய மறப்பாங்க. வண்டிய மறக்கிற அளவுக்கு அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?"

அவர் கேட்டது நியாயம். ஆனால் நான் பயந்தது அதற்காக இல்லை. வண்டியை எங்கே வைத்தோம் என்று மறப்பது யாருக்கும் வரும். எனக்கு வண்டியில் போனதே நினைவில் இல்லை. வீட்டில் கிளம்பியது நினைவிருந்தது. மளிகைக் கடையில் மல்லியை மோந்து பார்த்தது நினைவிருந்தது. நடுவில் ஒன்றரை மணி நேரம், முப்பது கிலோமீட்டர் சாலை, அட்டையாம்பட்டி, கொண்டலாம்பட்டிச் சந்திப்பின் நெரிசல் எதுவும் இல்லை. படத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து ஒட்டியதுபோல் இருந்தது. அந்த நேரத்தில் நான் லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

திரும்பும்போது சைக்கிள் வேகத்தில் ஓட்டினேன். ஒவ்வொரு கைகாட்டியையும், பெட்ரோல் பங்கையும், சாலையோர மரவள்ளிக் காட்டையும் பார்த்து, பார்த்தேன் பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

என் அப்பாவுக்கு இது அறுபத்தாறு வயதில் ஆரம்பித்தது. அப்போது நான் ராய்ப்பூர்ப் பக்கம் கேம்ப்பில் இருந்தேன். விடுப்பில் வந்து வீட்டுக்குள் நுழைந்தவனைப் பார்த்து எழுந்து நின்று, நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க, உக்காருங்க. நீங்க எந்த ஊருங்க? காப்பி குடிக்கறீங்களா?" என்றார். பிறந்ததிலிருந்து என்னை "டேய்" என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர். அவர் அடித்த அடிகளை நான் மறந்துவிட்டேன். அந்த மரியாதையை மறக்க முடியவில்லை.

கடைசி இரண்டு வருஷம் அவர் வெளியே போய்விடாமல் இருக்க, பகலில் அம்மா அவர் கணுக்காலைப் பழைய சேலைத் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டுக் களை வெட்டப் போவாள் என்று கேள்விப்பட்டேன். வேறு வழி இருக்கவில்லை. அவர் இறந்து, குளிப்பாட்டி எடுத்தபோது கணுக்காலில் தோல் கறுத்து வளையம்போல் இருந்ததை நான் பார்த்தேன். எனக்கு இப்போது அறுபத்து நாலு.

அன்றிலிருந்து யாருக்கும் தெரியாமல் என்னை நானே சோதிக்க ஆரம்பித்தேன். தினமும் டீக்கு முன்னால், பல் விளக்கிக்கொண்டே, நாக்பூர் வரைக்கும் லாரி போகிற ஊர்களை வரிசையாகச் சொல்வேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, அனந்தப்பூர், கர்னூல், ஐதராபாத், அதிலாபாத், நாக்பூர். முதல் வாரம் சரியாக வந்தது. பிறகு ஒருநாள் அனந்தப்பூருக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. அடுத்த ஊரின் ஆற்றுப் பாலம் கண்ணுக்குத் தெரிகிறது. பாலத்தடியில் துணி துவைத்தது தெரிகிறது. ஊர்ப் பெயர் இல்லை. வாயில் நுரையோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. "பல்லு தேஞ்சு போயிருமுங்க," என்று உள்ளேயிருந்து மனைவி சொன்னாள்.

அதற்கப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பேசினால்தானே பிசகு வெளியே தெரியும். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். யாராவது பெயர் சொல்லி விசாரித்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். மத்தியானம் படுத்துவிடுவேன். எழுந்தால் காலையா மாலையா என்று ஒரு நிமிஷம் தெரியாது. முன்பும் அப்படி இருந்திருக்கிறதா என்று யோசிப்பேன். அதுவும் தெரியாது.

ஓடிப் போகலாம் என்று தோன்றியது. எனக்கு எப்போதும் முதலில் தோன்றுவது அதுதான். கூட வேலை செய்த ஒருவர் இன்னும் ரிக்கில் இருந்தார். அவருக்குப் போன் போட்டேன். ராய்ப்பூருக்கு வண்டி கிளம்புவதாகவும், சமையலுக்கு ஆள் இல்லை என்றும் சொன்னார். வருகிறேன் என்றேன். அங்கே நான் எதையாவது மறந்தால் கிழவன் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். வீட்டில் ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கிளம்புகிற நாள் காலையில் பையில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து கதவோரம் நின்றாள்.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"ராய்ப்பூரு. ரெண்டு மாசம். சமையலுக்கு ஆளு வேணுமாம்."

"நீங்க சமைக்கப் போறீங்களா? போன வாரம் ரசத்துல மூணு தடவ உப்புப் போட்டீங்க. நானும் ஒண்ணுஞ் சொல்லாமத் தண்ணி ஊத்திக் குடிச்சேன். அவங்க குடிப்பாங்களா?"

நான் வேட்டியை மறுபடி மடித்தேன்.

"அட்டையாம்பட்டிப் பட்டறைக்காரன் எங்கண்ணன் மவனுக்குக் கூட்டாளிங்க," என்றாள். "அன்னிக்கே கேட்டுட்டேன். உங்க வண்டி அங்க வரவே இல்ல."

"அப்பவே ஏம்புள்ள சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு தீவாளியாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க பத்த வெச்சுட்டு மறந்த அடுப்ப எத்தன தடவ நான் அமத்தியிருக்கேன் தெரியுங்களா? கேட்டதையே கேப்பீங்க. நானும் புதுசாக் கேட்ட மாதிரியே பதிலு சொல்லுவேன்."

"எங்கப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும்," என்றேன். அதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். "உனக்கு அந்தப் பாடு வேண்டாம். நான் எங்கியாவது போயர்றேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "உங்கப்பன நீங்க எத்தன நாள் பாத்தீங்க? லீவுல பாத்தீங்க. மாமியாளுக்கு மனசு வராது. அழுதுக்கிட்டே காட்டுக்குப் போயிருவாங்க. கட்டுனது நானுங்க. முக்கால்வாசி நாளு நாந்தான் கட்டுனேன். அவரு காலத் தூக்கித் தூக்கிக் குடுப்பாரு, கட்டுறதுக்கு. நான் யாருன்னே தெரியாம."

இருபது வருஷத்துக்கு மேலாக எனக்குத் தெரியாத விஷயம் அது.

"இன்னொருக்கா என்னால அது முடியாதுங்க," என்றாள். "போறதா இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, அப்புறம் எங்க வேணா போங்க." எழுந்து சுவரில் ஆணியில் தொங்கிய மொபெட் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்கு நான் சண்டை போட்டேன். யார் வண்டி, யார் சாவி என்றெல்லாம் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, ரிக் கிளம்பப் போவதாக அந்த நண்பர் போன் செய்தபோது, நான் எடுக்கவில்லை.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். எனக்கு மகள் வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இன்று என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார். கிழமையைத் தவறாகச் சொன்னேன். எலுமிச்சை, நாற்காலி, ரயில் என்று மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்சம் கழித்துக் கேட்பேன் என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். போர் போடும்போது இருபது அடி ராடு ஒவ்வொன்றாக இறங்க இறங்க, அறுநூறு எழுநூறு அடி வரை மனதிலேயே கூட்டிக்கொண்டு போனவன் நான். அங்கே எண்பத்தாறில் நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு தெரியாமல் பெஞ்சுமேல் நின்றது ஞாபகம் வந்தது.

ஒரு தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் நன்றாக வந்தது. எண்களைப் போட்டேன். டாக்டர் தாளைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். கீழே இடது பக்கம் ஒன்றில் ஆரம்பித்து, மேலே ஏறிச் சுற்றி, கீழே வலது பக்கம் பன்னிரண்டில் முடித்திருந்தேன். அடியில் காலியாக இருந்தது. ஒரே ஒரு முள்.

"அது கம்ப்ரஸர் மீட்டருங்க டாக்டர்," என்றாள் என் மனைவி. "ரிக்குல டிரில்லரா இருந்தாருங்க. காத்து எவ்வளவு ஏறுதுன்னு நாளெல்லாம் அதத்தான் பாத்துக்கிட்டு நிப்பாரு. கடியாரத்தப் பாத்து எந்திரிச்சாரா, சாப்பிட்டாரா."

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு கடிகாரம் இருக்கிறது. கை பழக்கத்தில் வரைந்ததா, தலை கெட்டு வரைந்ததா என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. மூன்று வார்த்தையில் ரயில் மட்டும்தான் திரும்ப வந்தது.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க ஐயா?"

"சர்க்கரைக்கு ஒண்ணு. பிரஷருக்கு ஒண்ணு. வேற ஒண்ணும் இல்லீங்க."

மனைவி மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். என் அலமாரித் தட்டில் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தைலம், பீடிக்கட்டு, அதோடு சளி மாத்திரை அட்டைகள் ஏழெட்டு.

"இது யாருக்கு?" என்று டாக்டர் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"அது மாத்திரை இல்லீங்களே," என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். போர் போடும்போது கல்தூள் புகைபோல் எழும்பும். மூக்கு ஒழுகி, தும்மி, கண் வீங்கும். இரவெல்லாம் ஓட்டிவிட்டுப் பகலில் லாரிக்கு அடியில் படுத்தால் வெயிலிலும் இரைச்சலிலும் தூக்கம் வராது. அந்தச் சின்ன மாத்திரை இரண்டு போட்டால் மூக்கும் காயும், தூக்கமும் வரும். எந்த ரிக்கிலும் அது சமையல் பெட்டியில்தான் இருக்கும், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில். மளிகைச் சாமான் எழுதும்போது உப்பு, புளி, சளி மாத்திரை என்றுதான் எழுதுவோம். வேலையை விட்ட பிறகும் நான் அதை விடவில்லை. மத்தியானம் ஒன்று, படுக்கும்போது இரண்டு. என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று யார் கேட்டாலும் அதைச் சொல்லத் தோன்றியதில்லை. பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடமும் சொன்னதில்லை.

"எத்தனை வருஷமா?"

"நாப்பது இருக்குமுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். வயசானவர்களுக்கு இந்த மாத்திரை மூளையை மந்தமாக்கும், ஞாபகத்தைக் கெடுக்கும் என்றார். "இதுதான் காரணம்னு நான் சொல்லல ஐயா. ஆனா இது உள்ள இருக்கிற வரைக்கும் வேற எதையும் என்னால சரியாப் பாக்க முடியாது. கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சு நிறுத்திடுங்க. ரத்தம் பாக்கணும், காது பாக்கணும், தலை ஸ்கேன் எடுக்கணும். மூணு மாசம் கழிச்சு வாங்க."

என் காதில் வலது பக்கம் பாதி கேட்கவில்லை என்று தெரிந்தது. கம்ப்ரஸர் பக்கம் நின்ற காது அது. ஒரு மெஷின் மாட்டினார்கள். ரத்தத்தில் பி12 சத்து மிகவும் குறைந்திருந்தது. சர்க்கரை மாத்திரையை வெகுகாலம் சாப்பிடுகிறவர்களுக்கு அப்படி ஆவதுண்டாம். அதற்கு ஊசி போட்டார்கள். ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை, சின்ன ரத்தக்குழாய்களில் பிரஷரின் தடம் இருக்கிறது என்றார்கள். பிரஷர் மாத்திரையை நான் தலை சுற்றும்போது மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அப்போது வெளியே வந்தது. அதற்கு மனைவி பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

சளி மாத்திரையை விட்ட முதல் மாதம் மூக்கு குழாய்போல் ஒழுகியது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். தினம் நடக்க வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடக்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டை வைத்து, மனைவி ஊக்கு குத்திவிட்டாள். அதோடு நடப்பது எனக்குக் கேவலமாக இருந்தது. திரும்பி வந்ததும் எந்தப் பக்கம் போனேன், யாரைப் பார்த்தேன் என்று ஒப்பிக்க வேண்டும்.

"தபால்காரரப் பாத்தேன். நின்னு பேசினேன்," என்றேன் ஒருநாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தபால்காரருக்கும் ஞாயித்துக்கெழம சந்தைக்குப் போற கால் இருக்குமில்லீங்க," என்று அவளே சொன்னாள். பிறகு, எனக்குத் தெரியாமல், போய் விசாரித்துவிட்டும் வந்தாள். நான் பார்த்தது நிஜந்தான். அவள் விசாரித்தாள் என்பதை அந்தத் தபால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். கிழமை சரியாகச் சொன்னேன். வேறு மூன்று வார்த்தை. இரண்டு வந்தது. மூன்றாவதற்கு டாக்டர், அது ஒரு பறவை என்றார். உடனே மயில் என்றேன். கடிகாரத்தை ஒழுங்காக வரைந்தேன்.

"வீட்ல பழகினேனுங்க," என்று நானே சொல்லிவிட்டேன். நான் அதை மறைத்து, நல்லா இருக்கிறது என்று அவர் சொன்னால், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

"பழகினது மனசுல நின்னிருக்கே. அதுவும் நல்லதுதான்," என்றார். கொஞ்சம் தேறியிருப்பதாகவும், மிச்சம் எப்படிப் போகிறது என்று ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

மனைவி எழுந்திருக்கவில்லை. "மாமனாருக்கு வந்தது இவருக்கும் வருமுங்களா?"

"வராதுன்னு நான் சொல்ல மாட்டேம்மா. வரும்னும் இன்னைக்குச் சொல்ல மாட்டேன்."

பஸ் நிலையத்துக்கு வந்தோம். வாசலில் அவள் நின்றாள். "நான் கக்கூசுக்குப் போயிட்டு வாரேன். நீங்க போயி நம்மூரு பஸ்ஸப் பாத்து எடம் புடிங்க," என்றாள்.

மொபெட் சாவியை எடுத்துக்கொண்டதிலிருந்து, ஊருக்கு வெளியே அவள் என்னை அப்படித் தனியாக விட்டதில்லை. வேண்டாம், இங்கேயே நிற்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

கூட்டம். காது மெஷினில் எல்லா ஹாரனும் ஒரே மாதிரி அடித்தது. ராசிபுரம், நாமக்கல், சங்ககிரி, ஈரோடு என்று கண்டக்டர்கள் கத்தினார்கள். நான் போர்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தேன். திருச்செங்கோடு என்று ஒரு பஸ். அது நம்மூர் வழியா, சங்ககிரி வழியா? இந்த நிலையத்தில் எத்தனை ஆயிரம் தடவை ஏறியிருக்கிறேன். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம், "மல்லசமுத்திரம் போகுங்களா?" என்று கேட்டேன். கேட்பதில் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"போகும். ஏறுங்க பெரியவரே. இதச் சொல்லித்தான் தொண்ட தண்ணி வத்துது."

ஜன்னலோர இடம் பிடித்து, பக்கத்தில் துண்டைப் போட்டேன். அவளைக் காணோம். வண்டி உறுமியது. ஒருவர் துண்டை நகர்த்தி உட்காரப் பார்த்தார். ஆள் வருது என்றேன். வருகிறாளா, இந்த பஸ் என்று சொன்னாளா, வேறு எங்காவது நிற்கச் சொன்னாளா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகம் வந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். ஊக்கும் சீட்டும் இருந்தன.

முன்படியில் ஏறி, தலைகளுக்கு மேலாகத் தேடிக்கொண்டே வந்தாள். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நீ கக்கூசுக்கே போகல," என்றேன்.

"தூணுக்குப் பொறத்தாண்ட நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ராசிபுரம் பஸ்ஸுக்கிட்ட நீங்க நின்னப்ப வந்தரலாமான்னு இருந்துச்சு."

"ஏறியிருந்தா?"

வண்டி நகர்ந்தது. கண்டக்டர் வந்ததும் அவள் பையைத் திறக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"மல்லசமுத்திரம் ரெண்டு," என்றேன் நான்.